மெமரியில் எதை வைப்பது, எதைக் கையில் விடுவது? ஹாம் ரேடியோ கேள்வி பதில், சுங்கை சிப்புட்டிலிருந்து

பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலும் லிந்தாங் சாலையை ஒட்டிய தோட்டங்களிலும் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு அமெச்சூர் வானொலி) உரிமம் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் ஆர்.ஏ.இ. என்னும் அமெச்சூர் ரேடியோ தேர்வை எழுதி, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு வந்து நிற்கும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். செட் கைக்கு வந்த மறுநாளே மோட்டாரை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "அண்ணே, இதுல என்னென்ன புரோகிராம் பண்ணணும்?" என்று கேட்பார்கள். அலைவரிசைப் பட்டியலைத்தான் கேட்கிறார்கள். பட்டியல் எங்கேயும் கிடைக்கும். ஒவ்வோர் அலைவரிசையோடும் வேறு எந்தெந்த அமைப்பை மெமரிக்குள் போட வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. இதுவரை என்னிடம் கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மெமரி என்றால் அலைவரிசை எண்ணைச் சேமிப்பதுதானே?

எண் அதில் ஒரு பகுதிதான். கையடக்க செட் ஒன்றில் ஒரு மெமரியைத் திறந்து பாருங்கள். கேட்கும் அலைவரிசை, பேசும் அலைவரிசை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற ஆஃப்செட், டோன், பவர், அலை பிடிக்கும் இடம் அகலமா குறுகலா, ஸ்கேனில் சேருமா சேராதா, பெயர் ஆகிய அத்தனையும் அதற்குள் இருக்கும். தூரதேசத்தோடு பேசும் எச்.எஃப். (சிற்றலை) செட் என்றால் மோட் (குரலா, மோர்ஸா, டிஜிட்டலா என்ற முறை), ஃபில்டர் ஆகியவையும் சேரும். சில மாடல்களில் எந்த ஆன்டெனா, முன்பெருக்கி போட்டதா இல்லையா என்பதுவரை பதிவாகும். மெமரியை அழைக்கும்போது இவை எல்லாம் ஒரே நொடியில் மாறும். வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் சேமித்துவிட்டால் வேலை முடிந்ததே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். யானை வராமலிருக்க எல்லையில் மின்வேலி போட்டிருக்கிறார்கள். கம்பியில் ஈரக் கீற்றோ கொடியோ படிந்தால் வேலியின் துடிப்பு ரேடியோவில் விழும். ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக "டக், டக்" என்று கேட்கும். ஓர் இரவு அந்தச் சத்தத்தை அடக்க நாய்ஸ் பிளாங்கரை முழுதாகத் திருகி, அப்படியே 40 மீட்டர் பட்டை (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) மெமரிகளில் பதிந்துவிட்டேன். மறுநாள் தோட்டத்துக்காரர்கள் கொடியை வெட்டிவிட்டார்கள், சத்தமும் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு முறை மெமரியை அழைக்கும்போதும் பிளாங்கர் தானாக ஏறிக்கொண்டது. பக்கத்தில் பலமான நிலையம் ஒன்று பேசினாலே நான் கேட்கும் குரல் உடைந்து நொறுங்கியது. ஆன்டெனாவில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் கம்பத்தில் ஏறி இறங்கினேன்.

அதன்பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி இது. யாரோடு பேசப் போகிறோமோ அவர் பக்கமோ, நடுவில் நின்று குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரோ தீர்மானிக்கும் அமைப்பு மெமரிக்குப் போகட்டும். நம் கூரைக்கு மேலும் நம் வேலிக்குப் பின்னும் இந்த நிமிடம் நடப்பது தீர்மானிக்கும் அமைப்பு குமிழிலேயே இருக்கட்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

ரிப்பீட்டர் மெமரியில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை?

கேட்கும் அலைவரிசை, ஆஃப்செட்டின் திசையும் அளவும், அனுப்பும் டோன், அகலம், பெயர். பெயரைத் தவிர மற்ற நான்கும் ரிப்பீட்டர்க்காரர் முடிவு செய்தவை. நம் விருப்பத்துக்கு அவற்றில் இடமே கிடையாது.

2 மீட்டர் பட்டையில் பரவலாகப் புழங்கும் ஆஃப்செட் 600 கிலோஹெர்ட்ஸ். கணக்குக்குச் சொல்கிறேன்: ரிப்பீட்டர் 145.600-இல் பேசினால், மைனஸ் போட்ட நம் செட் 145.000-இல் அனுப்பும். 70 சென்டிமீட்டர் பட்டையில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 5 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் 1.6 என்றும் 7.6 என்றும் வெவ்வேறு வழக்கம். செட் எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டதோ அந்த அளவை அதன் தானியங்கி ஆஃப்செட் போட்டுவிடும். அதை நம்பாமல் ஒவ்வொரு ரிப்பீட்டருக்கும் நீங்களே எண்ணைத் தட்டி ஏற்றுங்கள்.

டோனை அனுப்புவதற்கு மட்டும் வைப்பதா, கேட்பதற்கும் வைப்பதா?

நாங்கள் அதிகம் வாதாடிய விஷயம் இது. என் முடிவில் மாற்றம் இல்லை: அனுப்புவதற்கு மட்டும்.

டோன் என்பது நம் குரலுக்கு அடியில் தாழ்வாக ஓடும் ஒரு முனகல். 67 ஹெர்ட்ஸிலிருந்து 254.1 ஹெர்ட்ஸ்வரை வரிசையாக எண்கள் உண்டு. சரியான எண் வந்தால்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும், ஆகவே அனுப்பும் டோன் ரிப்பீட்டரின் பூட்டுக்குச் சாவி. கேட்கும் டோனோ நம் காதுக்கு நாமே போட்டுக்கொள்ளும் பூட்டு. அந்த டோன் வராத எதுவும் நம் ஸ்பீக்கரில் கேட்காது.

சில ஆண்டுகளுக்கு முன், மழை பிடித்த ஒரு மாலை. எங்களில் ஒருவர் உள் தோட்டப் பாதையில் மோட்டார் சறுக்கி விழுந்துவிட்டார். கால் மடங்கிவிட்டது. கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத பள்ளம். அங்கிருந்து ரிப்பீட்டரைத் தொட முடியாததால், அதே அலைவரிசையில் நேரடியாகவே, டோன் இல்லாமல், என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் இடையே மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. என் செட் மேசைமேல்தான் இருந்தது. சிக்னல் பட்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். சத்தம் வராததால் ஏதோ குறுக்கீடு என்று விட்டுவிட்டேன். மெமரியில் கேட்கும் டோனையும் சேர்த்துப் பதிந்து வைத்திருந்தவன் நான். ஒரு மணி நேரம் கழித்து ஆலைக்குப் போகும் லோரிக்காரர் அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பட்டை ஏறி இறங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

குறுக்கீடு தொல்லையாக இருக்கும் நேரத்தில் கேட்கும் டோனைக் கையால் போட்டுக்கொள்ளுங்கள், தொல்லை தீர்ந்ததும் எடுத்துவிடுங்கள். மெமரிக்குள் மட்டும் போட வேண்டாம்.

ரிப்பீட்டர் ஒன்றுக்கு ஒரு மெமரி போதுமா?

இரண்டு வையுங்கள். ஒன்று ரிப்பீட்டருக்கு. அடுத்தது அதே கேட்கும் அலைவரிசையில், ஆஃப்செட்டும் டோனும் இல்லாமல், நேரடிப் பேச்சுக்கு. ரிப்பீட்டர் நின்றுபோனாலோ, மேலே சொன்ன பள்ளம்போல ஓரிடத்தில் மாட்டிக்கொண்டாலோ ஒரு சொடுக்கில் நேரடிக்குப் போய்விடலாம். ரிப்பீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தில் நேரடியாகப் பேசினால் மற்றவர்களின் பேச்சு கெடும் என்பதையும் மனதில் வையுங்கள். இது அவசரத்துக்கு. அன்றாட நேரடிப் பேச்சுக்குத் தனி அலைவரிசை ஒன்றை நண்பர்களோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பவரை மெமரியில் வைக்கலாமா?

இது இரண்டு பக்கமும் இழுக்கிற விஷயம். எவ்வளவு பவர் வேண்டும் என்பது எதிர்ப்பக்கத்தைப் பொறுத்தது, நாம் நிற்கிற இடத்தையும் பொறுத்தது. வீட்டு வாசலில் ஒரு வாட் போதும். ஈரக் கீற்றுகளுக்கு அடியில், மலைக்குப் பின்னால், ஐந்து வாட்டும் போதாது.

கையடக்க செட்டில் எல்லா மெமரியையும் உயர் பவரிலேயே பதிந்துவைப்பேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் கையால் குறைப்பேன். அவசரத்தில் செட்டை எடுப்பவர் நானாக இல்லாமல் என் மகளாக இருக்கலாம். அவளுக்குப் பவர் பட்டன் எங்கே என்று தெரியாது. எச்.எஃப். பக்கம் நேர்மாறு. கணினி வழியாகச் சிறு செய்தி அனுப்பும் எஃப்டி8 போன்ற டிஜிட்டல் மோடுகளில், அனுப்பும் நேரம் முழுவதும் செட் முழு வேகத்தில் உழைக்கும். அந்த மெமரிகளில் பவரைச் சேமிக்க உங்கள் செட் இடம் கொடுத்தால், பாதிக்கும் கீழே குறைத்துப் பதியுங்கள்.

அகலம், குறுகல் என்று இரண்டு இருக்கிறதே?

ரிப்பீட்டர் எதில் இருக்கிறதோ அது. நாம் குறுகலில் அனுப்பினால் அகல ரிப்பீட்டரில் நம் குரல் அடங்கிக் கேட்கும். நாம் அகலத்தில் அனுப்பினால் குறுகல் ரிப்பீட்டரில் வார்த்தை பிளந்து வரும். "மைக் சரியில்லை" என்று என்னிடம் கொண்டுவந்த செட்டுகளில் பல இந்த ஒரு வரியைத் திருத்தியதும் சரியாகிவிட்டன.

ஸ்குவெல்ச்?

சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் அதை மெமரியில் வைக்க வேண்டாம். அது உங்கள் இடத்துச் சத்தத்துக்கு உரியது.

எச்.எஃப். மெமரியில் மோடையும் சேமிக்கணுமா? 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்.எஸ்.பி. (கீழ்ப்பக்கப் பட்டை), மேலே யூ.எஸ்.பி. (மேல்பக்கப் பட்டை) என்றுதானே படித்தோம்?

குரலுக்கு அந்த வழக்கம் சரி. ஆனால் எஃப்டி8-க்கு 7.074 மெகாஹெர்ட்ஸில் யூ.எஸ்.பி.தான். செட்டை அதன் போக்கில் விட்டால் 40 மீட்டரில் எல்.எஸ்.பி.க்குப் போய் நிற்கும், திரையில் ஒன்றுமே விழாது. 7.074 யூ.எஸ்.பி., 14.074 யூ.எஸ்.பி. என்று மோடையும் அகலமான ஃபில்டரையும் சேர்த்தே பதியுங்கள். இந்த அமைப்புகள் எதிர்ப்பக்கத்துக்கு உரியவை, ஆகவே மெமரிக்கு உரியவை.

என் செட்டில் நான் அதிகம் அழைக்கிற மெமரி 14.100. அங்கே யாரும் பேசுவதில்லை. உலகெங்கும் 18 இடங்களில் உள்ள வழிகாட்டி நிலையங்கள் முறைவைத்து, ஆளுக்குப் பத்து நொடி, மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று மோர்ஸில் ஒலிப்பதற்கான இடம் அது. அந்த வரிசையில் இலங்கையின் 4எஸ்7பி-யும் ஒன்று. அழைப்புக்குறியை அனுப்பிவிட்டு நான்கு நீண்ட கோடுகளை அனுப்பும்: முதலாவது 100 வாட், அடுத்து 10, அடுத்து 1, கடைசியாக 0.1 வாட். எத்தனையாவது கோடுவரை காதில் விழுகிறது என்று எண்ணினாலே அந்தத் திசையின் நிலவரம் புரிந்துவிடும். வங்கக் கடலைத் தாண்டி வரும் அந்த மூன்றாவது கோடு, ஒரே ஒரு வாட், இரவில் மெலிதாக இழுத்துக்கொண்டு கேட்கும்போது நான் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதில்லை. இந்த மெமரியில் மோர்ஸ் மோடும் 500 ஹெர்ட்ஸ் குறுகிய ஃபில்டரும் சேர்ந்தே இருக்கட்டும். 18.110, 21.150, 24.930, 28.200 ஆகியவையும் இதே சுற்றில் வருபவை. ஐந்தையும் அடுத்தடுத்த எண்களில் வைத்துவிட்டால் எந்தப் பட்டை திறந்திருக்கிறது என்பதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

பேரிடர் காலத்துக்கான மைய இடங்களாக உலக அமெச்சூர் வானொலிச் சங்கம் குறித்திருக்கும் 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸையும் யூ.எஸ்.பி.யோடு பதிந்துவையுங்கள். உங்கள் உரிமத்தில் அந்தப் பட்டையில் பேச அனுமதி இல்லை என்றாலும் கேட்கலாமே.

முன்பெருக்கி, அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது) இரண்டையும் பதிவதா?

40 மீட்டரில் பகலில் ஒரு நிலைமை, இரவில் வேறு நிலைமை. நம் பகுதியில் அமெச்சூர் பட்டை 7.200-இல் முடிகிறது. அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பொழுது சாய்ந்தால் அவற்றின் பலம் செட்டின் முகப்பை அமுக்கும், அட்டெனுவேட்டர் தேவைப்படும். மதியம் அதே அட்டெனுவேட்டர் இருந்தால் மெலிந்த நிலையங்கள் காணாமல் போகும். நேரத்தோடு மாறுவது குமிழில் இருக்கட்டும். சில செட்டுகள் கேட்காமலே பதிந்துவிடும். அப்படியானால் இரண்டையும் அணைத்துவிட்டு மெமரியில் எழுதுங்கள்.

என் செட்டில் இரண்டு ஆன்டெனா துளைகள் இருக்கின்றன. மெமரியே சரியான ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்குமாமே?

தேர்ந்தெடுக்கும். ஆனால் அது துளையின் எண்ணைத்தான் நினைவில் வைக்கிறது. துளையில் என்ன மாட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

நம் ஊரில் மதியம் மூன்று மணிக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுத்தால் முதல் வேலை ஆன்டெனாக் கம்பிகளைக் கழற்றி வெளியே போடுவது. இடி நின்ற பிறகு ஒருநாள் திரும்ப மாட்டும்போது இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். 20 மீட்டர் மெமரியை அழைத்தேன். செட் வழக்கம்போல முதல் துளைக்குப் போனது. அங்கே இருந்ததோ 40 மீட்டர் கம்பி. அழைப்பதற்காகப் பேசியதும், ஆன்டெனாவில் பொருந்தாமல் திரும்பி வரும் அலையைக் காட்டும் எதிரலை முள் கோடிவரை போனது. செட்டின் பாதுகாப்புச் சுற்று பவரைக் குறைத்ததால் தப்பியது. இப்போது கம்பி முனைகளில் சிவப்பு, நீல நாடா சுற்றியிருக்கிறேன், துளைகளுக்கு மேலும் அதே நிற நாடா. நாடா சுற்றாதவர்கள் ஆன்டெனா தேர்வை மெமரியில் பதிய வேண்டாம்.

செயற்கைக்கோளுக்கு ஏன் ஒரே அலைவரிசைக்கு ஐந்து மெமரி போடுகிறீர்கள்?

அனைத்துலக விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரை எடுத்துக்கொள்வோம். நாம் 145.990-இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு அனுப்ப வேண்டும். அது 437.800-இல் பேசும். நிலையம் நம்மை நோக்கி விரைந்து வரும்போது அலைவரிசை ஏறியும், நம்மைக் கடந்து விலகும்போது இறங்கியும் கேட்கும். தாண்டிப்போகும் ரயிலின் ஊதல் மாறுவதுபோல. 437 பக்கம் இந்த மாற்றம் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ்வரை போகும். ஆகவே கேட்பதற்கு 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து மெமரி. ஐந்திலும் அனுப்பும் அலைவரிசையும் டோனும் ஒன்றே. 2 மீட்டர் பக்கம் மாற்றம் மூன்று சொச்சம்தான், எஃப்.எம். அதைத் தாங்கிக்கொள்ளும்.

நிலையம் தலைக்கு மேல் போக மொத்தமாகப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த நேரத்தில் ஒரு கையில் ஆன்டெனா, மறுகையில் செட். எண் தட்டக் கை ஏது? குமிழை ஒவ்வொரு சொடுக்காக இறக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். மெமரியின் அருமை முழுதாகத் தெரிவது இங்கேதான். பள்ளித் திடலில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சுற்றி நிற்க, 145.800-இல் நிலையத்தின் குரல் விழுந்த ஒரு சாயங்காலம் எனக்கு மறக்காது. அந்த 145.800-ஐ அனுப்ப முடியாதபடி பூட்டிப் பதியுங்கள். அது இறங்கி வரும் வழி.

அனுப்ப முடியாதபடி பூட்டுவது எப்படி? வேறு எவற்றைப் பூட்டணும்?

கணினியில் புரோகிராம் செய்யும்போது ஆஃப்செட்டின் திசையைக் குறிக்கும் டூப்ளெக்ஸ் கட்டத்தில் "ஆஃப்" என்று தேர்வு செய்தால் பெரும்பாலான செட்டுகள் அந்த மெமரியில் அனுப்பாது. நமக்கு அனுமதியில்லாத எந்த அலைவரிசையும் இப்படித்தான் இருக்க வேண்டும். தோட்டக் காவலர்கள் கையில் உள்ள வாக்கி டாக்கிகளின் அலைவரிசையும் அதில் சேரும். "அவங்களோட பேசலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நம் உரிமம் அதற்கானது அல்ல. சட்டைப் பையில் செட் அழுந்தித் தவறுதலாக அனுப்பினாலும் அனுப்பியதுதான்.

பெயரும் எண்ணும் எப்படி வைப்பது?

பலருடைய கையில் இருக்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆர் செட்டில் 128 மெமரி, பெயருக்கு ஏழு எழுத்து, அதுவும் ஆங்கில எழுத்துதான். ரிப்பீட்டரின் அழைப்புக்குறியைப் பெயராக வைக்காதீர்கள். ஊரின் பெயரை ஆறு எழுத்துக்குள் சுருக்கி வையுங்கள்: ஈப்போ, தைப்பிங், கோலகங்சார். நேரடி மெமரிக்கு அதே பெயரின் கடைசியில் ஓர் எழுத்து கூட்டினால் போதும்.

எண்ணில் ஒழுங்கு வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஒன்றாம் எண் எல்லாருடைய செட்டிலும் ஒரே நேரடி அலைவரிசை. 11 தொடங்கிப் பேரா ரிப்பீட்டர்கள், 31 தொடங்கிக் கோலாலம்பூர் போகும் வழியில் கிடைப்பவை தெற்கு நோக்கிய வரிசையில், 91 தொடங்கிச் செயற்கைக்கோள்கள். மின்சாரம் போய்க் கைப்பேசிக் கோபுரமும் படுத்துவிட்ட இரவில் "ஒண்ணுக்கு வாங்க" என்று சொன்னால் போதும், திரையைப் பார்க்காமலே வந்துவிடலாம்.

ஸ்கேனில் எல்லாவற்றையும் சேர்க்கலாமா?

பத்துப் பன்னிரண்டுக்கு மேல் சேர்த்தால் ஒரு சுற்று முடிவதற்குள் கூப்பிட்டவர் ஓய்ந்துவிடுவார். ஓயாமல் சத்தம் எழுப்பும் அலைவரிசையை விலக்குங்கள். ஒன்றாம் எண்ணை மட்டும் விலக்கவே வேண்டாம்.

டி.எம்.ஆர். என்னும் டிஜிட்டல் குரல் செட் வாங்கியிருக்கிறேன். அதற்கும் இதே முறைதானா?

அதே முறைதான், உறுப்புகள் கூடுதல். அலைவரிசையோடு கலர் கோட் (ரிப்பீட்டரின் அடையாள எண்), டைம் ஸ்லாட் (நேரப் பங்கு), டாக் குரூப் (பேசும் குழுவின் எண்) மூன்றும் பதிய வேண்டும். கலர் கோட் 0 முதல் 15 வரை, ஸ்லாட் 1 அல்லது 2. இதில் ஒன்று தவறினாலும் முழு அமைதிதான் கிடைக்கும். எது தவறு என்று காதால் கண்டுபிடிக்க முடியாது, எழுதிவைத்துச் சரிபாருங்கள்.

நண்பருடைய ஃபைலை அப்படியே என் செட்டில் ஏற்றிக்கொள்ளலாமா?

ஏற்றலாம், இரண்டு வேலை செய்த பிறகு. முதலில் சிர்ப் போன்ற மென்பொருளில் உங்கள் செட்டிலிருந்து வாசித்து, அந்த மூல ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு நண்பருடைய பட்டியலிலிருந்து வரிகளை மட்டும் உங்கள் ஃபைலுக்கு நகலெடுங்கள். அவருடைய முழு ஃபைலையும் ஏற்றினால் அவருடைய செட்டுக்கு உரிய உள் அமைப்புகளும் சேர்ந்து வந்து உட்காரும். கேட்கும் டோன் கட்டத்தை ஒவ்வொரு வரியிலும் பாருங்கள். அதில்தான் முன்பு நான் தவறினேன்.

எப்போது திருத்துவது?

ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீடு கழுவும் வாரத்தில், நாங்கள் ஐந்தாறு பேர் செட்டுகளோடு கூடுகிறோம். ஒவ்வொரு ரிப்பீட்டரையும் அழைத்துப் பார்க்கிறோம். பதில் வராதவற்றை உடனே அழிப்பதில்லை, பெயரின் முன்னே ஒரு கோடு போட்டு அடுத்த ஆண்டுவரை வைக்கிறோம். பிறகு பட்டியலைத் தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, செட்டின் பக்கத்திலேயே ஆணியில் மாட்டுகிறோம். அலைவரிசை, ஆஃப்செட், டோன், மோட் நான்கும் அதில் இருக்கும். போன ஆண்டு புதிதாக உரிமம் எடுத்த பையன் ஒருவன் தன் தாளின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் கீறி, எந்த மெமரியில் யாருடைய குரலை முதலில் கேட்டான் என்று எழுதிவைத்திருந்தான். இந்த ஆண்டு என் தாளிலும் அந்தக் கட்டம் இருக்கிறது.